பிள்ளைகளைத் தாமே படிக்க விடுங்கள்!

(ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியது)



வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகம் எடுத்துப் படிக்கும்படி செய்வதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். இதைப் பள்ளிக்கூட ஏற்பாட்டைச் சேர்ந்த ஒரு சிறு சங்கதி என்று சிலர் கருதலாம். நான் இதை மனிதனின் மானத்தைச் சேர்ந்த சங்கதி என்றே கருதுகிறேன்.

இந்நாட்டில் படிப்பு என்பது என்னவாக இருந்து வந்தது? ஒருவன் சொல்ல மற்றவன் திருப்பிச் சொல்லுவது. அர்த்தம் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பது. சூத்திரனும் பெண்ணும் படிக்கவே கூடாது என்பது. இன்று பள்ளிக்கூடக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால், திருப்பிச் சொல்லும் வழக்கம் மாத்திரம் ஒழியவில்லை. அன்று மந்திரத்தை உருப்போட்டார்கள். இன்று பரீட்சை விடையை உருப்போடுகிறார்கள். இரண்டிலும் புத்திக்கு என்ன வேலை?

தானே படித்த புத்தகம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்களே சாட்சி. தீண்டப்படாதவர் என்பதால் அவருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் படித்தார். அந்த மாணவருக்குக் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் சரித்திரத்தைப் பரிசாகக் கொடுத்தார். அது பாடப் புத்தகமல்ல, பரீட்சைக்குரியதுமல்ல. அதைப் படித்த பையன், ராமாயணத்தையும் பாரதத்தையும் ஏன் எங்களைப் படிக்கச் சொல்லுகிறீர்கள் என்று தன் தகப்பனாரையே கேட்டான். இதை அம்பேத்கர் அவர்களே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1956-ல் லட்சக்கணக்கான மக்களோடு நாகபுரியில் அவர் பவுத்தம் தழுவினார். ஒரு புத்தகம் மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், கேள்வி பிறந்த இடம் அதுதான்.

“படிக்க விரும்புகிறவன் வீட்டில் படித்துக்கொள்ளட்டுமே” என்பார்கள். யார் வீட்டில்? கூலிக்குப் போகிறவன் வீட்டில் புத்தகம் ஏது? பெண் குழந்தை வீடு திரும்பினால் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையும் காத்திருக்கின்றன. அவளுக்குப் படிக்க ஓய்வு கிடைக்கும் ஒரே இடம் உங்கள் வகுப்புதான். அங்கேயும் கொடுக்காவிட்டால் எங்கே கொடுப்பது?

மேல்நாட்டில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். நம் பள்ளிகள் பலவற்றில் சங்கிலிக்குப் பதில் பீரோவும் பூட்டும் இருக்கின்றன. கிழிந்துபோகும் என்ற பயமாம்! கிழியாத புத்தகத்தால் யாருக்கு லாபம்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அவர்கள், புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதை நூலகத்தின் முதல் விதியாக 1931-லேயே வைத்தார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமும் வந்தது. அந்த விதி இன்னும் பீரோவுக்குள் நுழையவில்லை!

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. தினம் 20 நிமிஷம் ஒதுக்குங்கள். புத்தகத்தைப் பிள்ளையே பொறுக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும். அதில் பரீட்சை வேண்டாம், மார்க்கும் வேண்டாம். அந்த நேரத்தில் நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். “இதில் எதை நீ ஒப்பவில்லை? ஏன்?” என்று மட்டும் பிறகு கேளுங்கள். பிள்ளை உங்களையே மறுத்துப் பேசினால் கோபிக்காதீர்கள். நீங்கள் வாங்கும் சம்பளத்துக்கு வேலை நடந்திருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் தோழர்கள் சிலர், நம் இயக்கப் புத்தகங்களையே கட்டாயமாக்க வேண்டும் என்கிறார்கள். கூடாது. புராணத்தோடு அதுவும் பீரோவில் பக்கத்தில் இருக்கட்டும். கட்டாயப்படுத்திப் படிக்க வைத்தால் பகுத்தறிவு நூலும் இன்னொரு வேதமாகிவிடும். உண்மைக்குப் போட்டியைக் கண்டு பயமென்ன?

ஆகவே தோழர்களே, நான் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், நாளைக் காலையிலேயே பீரோச் சாவியை வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.