லயத்துக் கூரையில் பாசி: நாங்கள் செய்வதும் நிர்வாகம் செய்ய வேண்டியதும்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நாங்கள் எடுத்திருக்கும் விஷயம் கூரைப் பாசி. இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்த மழைக்காலத்தில் சங்கத்திடம் வந்த முறைப்பாடுகளை எண்ணிப் பார்த்தால், "கூரை ஒழுகுகிறது" என்பதுதான் அதிகம். அதைக் கொண்டுபோய் ஆபீசில் சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? "நீங்கள் சுத்தமாக வைத்திருப்பதில்லை, பாசி பிடித்துவிட்டது. ஏறிச் சுரண்டி விடுங்கள், சரியாகிவிடும்."

இந்தப் பதிலில் இரண்டு பிழை இருக்கிறது. பாசி பிடிப்பதற்கு எங்கள் அசுத்தம்தான் காரணம் என்பது முதலாவது பிழை. ஏறிச் சுரண்டினால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது பிழை ஆளைக் கொல்லக்கூடியது. இரண்டையும் இன்று விளங்கிக்கொள்வோம். பிறகு, நாங்கள் செய்ய வேண்டியது எது, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது எது என்று பிரித்துக்கொள்வோம்.

பாசி என்று ஒரே பெயரில் நாங்கள் சொல்வது உண்மையில் மூன்று வகை. பச்சையாகவும் கறுப்பாகவும் வழுவழுவென்று படர்ந்திருப்பது ஒன்று. பீலிக்கரையில் கால் வழுக்குவதும் அதனால்தான். பள்ளிக்கூடத்தில் அதை அல்கா என்று படிப்பிக்கிறோம். மெத்தை போலத் திரண்டு வளர்வது இரண்டாவது. கையால் அழுத்தினால் தண்ணீர் சுரக்கும். மூன்றாவது, தேமல் மாதிரி சாம்பலும் வெள்ளையுமாக வட்டம் வட்டமாக ஒட்டியிருப்பது. அதற்கு இலைக்கன் என்று பெயர். பங்கசும் அல்காவும் கூடிக் குடித்தனம் நடத்தும் உயிர் அது.

இந்த மூன்றுக்கும் வேர் கிடையாது, மண்ணும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத வித்தி காற்றில் வந்து விழும். ஈரமும் கொஞ்சம் வெளிச்சமும் கிடைத்தால் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் மலையில் ஈரத்துக்கு என்ன குறை? வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை விழுகிறது. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவ மழை. பதுளை, பசறைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவ மழை. மழை ஓய்ந்த நாளில் பனிமூட்டம். கூரைக்கு மேல் நிழல் மரத்தின் கிளை வேறு. கூரை காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. வாசலை எத்தனை தரம் கூட்டினாலும், சாணம் போட்டு மெழுகினாலும், கூரைப் பாசி கேட்காது.

அதே மழை பங்களாவின் மேலும்தான் பெய்கிறது. அந்தக் கூரைக்கு வேண்டிய நேரத்தில் ஆளும் ஏணியும் சாமானும் போகின்றன. எங்கள் லயத்துக்கு யாரும் வருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதுத் தகரத்தில் பாசி இலேசில் பிடிக்காது. தகரத்தின் மேல் பூசியிருக்கும் நாகம் என்ற உலோகம் மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பாசிக்கு அது ஆகாது. வருடக்கணக்காக மழையில் அந்தப் பூச்சு கரைந்து தீர்ந்து துரு ஏறிய பிறகுதான் பாசி உட்காருகிறது. ஆகவே தகரத்தில் பாசி மெத்தையாகக் கிடக்கிறது என்றால், அந்தத் தகரத்தின் ஆயுள் முடிந்துவருகிறது என்று அர்த்தம். சுத்தம் செய்யவில்லை என்று எங்களைக் குறை சொல்பவர்கள், அந்தத் தகரத்தைக் கடைசியாக எந்த வருடத்தில் மாற்றினார்கள் என்பதை முதலில் சொல்லட்டும்.

பாசி பிடித்தால் என்ன நடக்கிறது? அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகும் தகரம் நனைந்தே கிடக்கும், துரு வேகமாக ஓடும். இரண்டு தகரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பாசி புகுந்தால், கீழே ஓட வேண்டிய தண்ணீர் திரும்பி உள்ளே வரும். அதனால்தான் ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை, ஆனால் பாயில் சொட்டுகிறது. உதிர்ந்த பாசி பீலியை அடைக்கும். நிரம்பி வழியும் தண்ணீர் சுவர் அடியிலும் பின்பக்க மண்மேட்டிலும் இறங்கும்.

அந்த ஈரம் வீட்டுக்குள் வந்தால் சுவரில் பூஞ்சணம் கட்டும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. 10 அடிக்கு 12 அடிக் காம்பிராவில், விறகுப் புகையோடு, ஐந்தாறு பேர் படுக்கும் இடத்தில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வகுப்பில் கொப்பிகளைத் திருத்தும்போது, தாள் ஒன்றோடொன்று ஒட்டி, மை பரவிக் கிடக்கும். அந்தப் பிள்ளைகள் படிக்காமல் இல்லை. கொப்பியைக் காயாக வைக்க வீட்டில் ஓர் இடம் இல்லை.

இனி ஆபத்தான பகுதிக்கு வருவோம். தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள்.

உங்கள் கூரை தகரமா, அஸ்பெஸ்டஸ் ஷீட்டா என்று முதலில் பாருங்கள். அஸ்பெஸ்டஸ் என்றால் பாசியைச் சுரண்டவே வேண்டாம். கத்தி, மண்வெட்டி, கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். காய்ந்த விளக்குமாறு போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். அந்த ஷீட் சீமெந்தும் அஸ்பெஸ்டஸ் நாரும் சேர்த்துச் செய்தது. வெயிலும் மழையும் இலைக்கனும் சேர்ந்து மேலே உள்ள சீமெந்தை அரித்துவிடுவதால் பழைய ஷீட்டில் நார் வெளியே நிற்கும். சுரண்டினால் அது தூளாகப் பறந்து மூச்சில் போகும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் முடிவு. அந்த நோய் இன்றைக்கு நாளைக்கு வராது. 20, 30, 40 வருடம் கழித்து வரும். அப்போது காரணம் கேட்க ஆள் இருக்காது. அதற்காக அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே படுக்கவே பயப்பட வேண்டாம். உடையாத ஷீட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் நார் அவ்வளவாகப் பறக்காது. உடைந்த துண்டு கிடந்தால் தண்ணீர் தெளித்து, பொலித்தீனில் சுற்றி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள். அடுப்புக்கு அணைவாகவோ கோழிக்கூட்டுக்கோ எடுக்காதீர்கள். அதை அகற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

அடுத்தது, கூரைமேல் ஏறுவது. பழைய அஸ்பெஸ்டஸ் ஷீட் ஆள் பாரத்தைத் தாங்காது, கால் வைத்த இடத்தில் விட்டுவிடும். துருப்பிடித்த தகரமும் அப்படித்தான். பாசி நனைந்திருந்தால் வழுக்கலும் சேர்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையனைக் கூரைமேல் ஏற்றாதீர்கள். தகரத்தைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் தெரிகிறதா? அந்தக் கூரைப் பக்கம் யாரும் போகக்கூடாது, உடனே மின்சார விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு அறிவிக்க வேண்டும். நனைந்த கூரையும் பழைய வயரும் சேர்ந்தால் ஒரு காம்பிராவோடு நிற்காது, லயமே எரியும்.

அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். தகரக் கூரை உள்ளவர்கள் பெப்ரவரி, மார்ச் மாதத்தில் மழை குறைந்த ஒரு நாளைப் பாருங்கள். ஏணியில் நின்று, கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கைக்கு எட்டும் தூரம் மட்டும் தண்ணீர் தெளித்து, நீண்ட கம்பில் கட்டிய தும்புத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். கீழிருந்து மேலே தேய்த்தால் பாசி தகர இடுக்குக்குள் போய்விடும். கம்பித் தூரிகை வேண்டாம், மிச்சமிருக்கும் நாகப் பூச்சையும் அது எடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் உப்பும் தகரத்தை அரிக்கும், அவையும் வேண்டாம். செம்புக் கம்பி கட்டினால் பாசி வராது என்று சிலர் சொல்வார்கள். ஓட்டுக் கூரைக்கு அது சரி. தகரக் கூரையில் கட்டினால் செம்பு கரைந்த தண்ணீர் தகரத்தைத் தின்றுவிடும். மலைக்கு அடிக்கும் புல் மருந்தைக் கொண்டுவந்து கூரையில் அடிக்கவே கூடாது. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கிறவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

தனி வீடு கிடைத்து, ஓட்டுக் கூரையின் கீழ் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உறுதியோடு வீடு உங்கள் பெயருக்கு வந்தால், கூரையைப் பார்ப்பதும் உங்கள் பொறுப்புத்தான். வருடத்துக்கு ஒரு தரம் பீலியில் அடைத்திருக்கும் சருகையும் பாசியையும் எடுத்துவிடுங்கள். வீடு நீண்ட நாள் நிற்கும்.

லயத்தின் கதை வேறு. லயம் எங்கள் பெயரில் இல்லை. காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது. நாங்கள் கைக்காசில் இரண்டு தகரம் வாங்கிப் போட்டால் "யாரைக் கேட்டுப் போட்டாய்?" என்கிறார்கள். கூரைமேல் சாய்ந்த கிளையை வெட்டினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. ஒழுகும்போது மட்டும் "உன் வீடு, நீயே பார்" என்கிறார்கள். உரிமை என்று வந்தால் வீடு தோட்டத்துடையது, ஒழுகினால் மட்டும் எங்களுடையதா? இதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே, லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்டத் துரையின் கடமை என்று வைத்திருக்கிறது. பொது வடிகானுக்கும் நடைபாதைக்கும் பிரதேச சபையிடம் போகலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்ற பழைய சாட்டு செல்லாது.

ஆகவே கமிட்டியின் தீர்மானத்தைச் சொல்கிறோம். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கொப்பி போடுவோம். காம்பிரா இலக்கம், கூரை தகரமா அஸ்பெஸ்டஸா, எங்கே ஒழுகுகிறது, எந்தக் கிளை சாய்ந்திருக்கிறது, பீலி இருக்கிறதா, வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் யார், இத்தனையும் திகதியோடு எழுதுவோம். எழுத உங்கள் வீட்டுப் பிள்ளைகளே போதும். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து நாங்கள் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறோம். கடிதம் இரண்டு பிரதி. ஒன்று ஆபீசுக்கு, மற்றதில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக் கமிட்டி வைத்துக்கொள்ளும். வாயால் சொன்னதை இல்லை என்று சொல்லிவிடலாம், முத்திரை விழுந்த கடிதத்தை அப்படிச் சொல்ல முடியாது. பதில் வராவிட்டால் அதே பிரதியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தொழில் திணைக்களத்திடமும் போவோம்.

இதைக் கேட்பதால், காணியும் தனி வீடும் வேண்டும் என்ற கோரிக்கையை நாங்கள் கைவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். 7 பேர்ச், 10 பேர்ச் என்ற பேச்சு முடிந்து உறுதி கைக்கு வரும் வரைக்கும் பிள்ளைகள் இந்தக் கூரையின் கீழ்தான் படுக்க வேண்டும். தனி வீட்டுக்கான போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இன்று இரவு சொட்டாத கூரையும் எங்கள் உரிமைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல் லயத்திலிருந்து கணக்கெடுப்பு தொடங்கும். ஒவ்வொரு லயத்திலும் ஓர் அக்காவும் ஒரு தம்பியும் முன்வந்து பெயர் கொடுங்கள். கமிட்டிச் செயலாளர் வாசலில் கொப்பியோடு நிற்கிறார்.