வரி வரியாய் வாசித்தல்



கடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதன் கரையூர்களுள் ஒன்று ஆலங்குடா. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பலர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். ஆலங்குடாவிலும் அவர்கள் தங்கினர். வீடிழந்தோருக்குப் பெயர்ப் பட்டியல் என்பது வெறுங் காகிதமன்று. அதிலுள்ள ஒரு வரி, ஒரு குடும்பத்தின் பங்கீட்டு உணவு. ஒரு பிள்ளையின் பாடசாலை இடம். ஒரு மனிதரின் வாக்கு. இத்தகைய பட்டியல்களை இன்று கணினியே வாசிக்கின்றது. அவ்வாசிப்பில் ஒரு வரி குறைந்தாலும் கூடினாலும், இழப்பு மனிதருக்கேயன்றிக் கணினிக்கன்று.

கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகளுள் மிகப் புகழ் பெற்றது சி மொழி. 1972 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் அதனை உருவாக்கினார். கோப்பிலுள்ள வரிகளை ஒவ்வொன்றாய் எடுப்பதற்கு அம்மொழியில் எஃப்கெட்ஸ் என்னும் செயற்கூறு உண்டு. அதனை அழைப்போர் மூன்று செய்திகளைத் தெரிவித்தல் வேண்டும்: வரியை இடுவதற்குரிய நினைவிடம் எது, அதன் கொள்ளளவு எவ்வளவு, எடுக்க வேண்டிய கோப்பு எது என்பனவே அவை.

கொள்ளளவைக் கேளாத கெட்ஸ் என்னும் செயற்கூறு ஒன்றும் முன்பு இருந்தது. வரி எவ்வளவு நீண்டாலும் அது கொட்டிக்கொண்டே போகும். நிரம்பிய பின்னர் அடுத்த நினைவிடத்தையும் அழிக்கும். 1988 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள், ராபர்ட் மொரிஸ் என்னும் மாணவர் இணைய வலையில் விடுத்த புழு நிரல், இந்தக் குறையைத் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. 512 பைட் கொள்ளும் இடத்திற்கு அது 536 பைட் கொண்ட வரியை அனுப்பிற்று. மிகுந்து வழிந்த பகுதியே அயலார் கணினியுள் நுழையும் வாயிலாயிற்று. சி மொழியின் 2011 ஆம் ஆண்டுத் தரநிலை கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டது.

எஃப்கெட்ஸைப் பயன்படுத்தினால் மட்டும் போதுமா? போதாது. ஆலங்குடா என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். காதுக்கு அது ஐந்து எழுத்து. யுனிகோட் முறையில் ங் என்பது எழுத்தும் புள்ளியுமாய் இரண்டு குறிகள். கு, டா என்பனவும் அவ்வாறே. ஆக, பெயர் முழுவதும் எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8 என்னும் வழக்கில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், மொத்தம் 24. வரி முடிவைக் காட்டும் குறிக்கு ஒன்று, சி மொழி இறுதியில் இடும் சுழிக்கு ஒன்று. ஆக 26 பைட் வேண்டும்.

“ஐந்தெழுத்துக்கு இருபது தாராளம்” என்று எண்ணி ஒருவர் 20 பைட் ஒதுக்கினால், எஃப்கெட்ஸ் 19 பைட்டை எடுத்து நிற்கும். ஆலங்கு என்பது வரும். ட என்னும் எழுத்தின் மூன்றில் ஒரு கூறும் வரும். எஞ்சியது அடுத்த அழைப்பில் வேறொரு வரி போல வந்து சேரும். ஓர் ஊர் இரண்டாகும்; இரண்டும் பொருளற்றனவாகும். ஆதலால், வந்த பகுதியின் கடைசியில் வரி முடிவுக் குறி உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும். அது இல்லையெனின், ஒன்று வரி இன்னும் முடியவில்லை. அல்லது கோப்பின் இறுதி வரி அக்குறியின்றி எழுதப்பட்டுள்ளது. இரண்டாவதைக் குறைவரி எனத் தள்ளினால், பட்டியலின் கடைசிக் குடும்பம் காணாமற் போகும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கோப்பு முடிந்ததா என்று கேட்கும் செயற்கூறு எஃப்இஓஎஃப் எனப்படும். வாசிக்க முயன்று, எடுக்க ஒன்றும் இல்லாமற் போன பின்னரே அது “ஆம்” என்னும், முன்கூட்டிச் சொல்லாது. அதனை மட்டும் நம்பிச் சுற்றிவரும் நிரல், முறையாக முடிந்த கோப்பில் கடைசி வரியை இருமுறை கணக்கிடும். நூறு குடும்பம் நூற்றொன்றாகும். எஃப்கெட்ஸ் வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தருகின்றதா என்பதையே தடையாக வைத்தல் முறை. அவ்வாறு நின்ற பின்னரே, நின்றது கோப்பு முடிந்தமையாலா, வாசிப்புப் பழுதாலா என்று வினவ வேண்டும்.

வரியின் நீளத்திற்கேற்பத் தானே இடத்தைப் பெருக்கிக்கொள்ளும் கெட்லைன் என்னும் செயற்கூறு 2008 ஆம் ஆண்டுப் போசிக்ஸ் தரநிலையில் இடம்பெற்றது. அது பெற்ற இடத்தை வேலை முடிந்ததும் விடுவிக்கும் பொறுப்பு நிரல் எழுதுவோரையே சாரும்.

எனவே, பட்டியலை வாசிக்கும் நிரலை எழுதியவர் அதனை நான்கு கோப்புகளால் சோதித்துப் பார்ப்பாராக: ஒன்றுமே இல்லாத கோப்பு, மிக நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு, இறுதி வரியில் முடிவுக் குறியில்லாத கோப்பு, முறையாக முடிந்த கோப்பு. நான்கிலும் எண்ணிக்கை சரியாயிருந்தால், அந்த நிரலின் கையில் ஊராரின் பெயர்களை ஒப்படைக்கலாம்.