கதிரடிக்கும் காலத்தில் காதையும் காப்போம்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர், இருபது வருஷமாக டிராக்டர் ஓட்டியவர். "மகன் பேசினா கேக்குதுங்க. பேத்தி பேசுறதுதான் விளங்கல. புள்ளை வாய்க்குள்ளேயே பேசுது" என்றார். குறை பேத்தியிடம் இல்லை, தாத்தாவின் காதில்தான்.

இரைச்சலால் காது கெட்டால் முதலில் போவது கீச்சுக் குரல். குழந்தை பேச்சு, குருவிச் சத்தம், சைக்கிள் மணி. வலி இருக்காது, சீழ் வராது. அதனால் நாமும் கவனிப்பதில்லை.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் நாற்றங்கால் பயிர் மாதிரி நிற்கின்றன. இரைச்சலில் சாய்ந்த பயிர், ஓய்வு கொடுத்தால் நிமிரும். தினமும் மிதித்தால் மாண்டு போகும். காதில் மறு நடவு கிடையாது. கதிரடித்த ராத்திரி காது இரைந்து, காலையில் 'சரியாப் போச்சு' என்று இருந்துவிடாதீர்கள். அது எச்சரிக்கை.

1886-ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர், கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. பொன்மலைப் பணிமனையும் கொதிகலன் ஆலையும் உள்ள திருச்சிக்காரர்களுக்கு இது விளங்கும். நம் நாட்டில் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் நம் களத்துமேட்டுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ளணும்.

ஒரு நாளைக்கு 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது நிபுணர் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. கூண்டில்லாத டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் 90-ஐத் தாண்டுவது சகஜம். அளக்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது.

செய்ய வேண்டியவை இவைதான்:

ஒன்று, ஓட்டை சைலன்சரை உடனே மாற்றுங்கள். தளர்ந்த போல்ட்டை முடுக்கி, உராயும் பாகங்களுக்கு கிரீஸ் போடுங்கள்.

இரண்டு, இயந்திரத்தருகே ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றி மாற்றி நிறுத்துங்கள். மற்றவர்களும் பிள்ளைகளும் தள்ளியே இருக்கட்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும்.

மூன்று, பஞ்சு வைத்தால் போதாது. நுரை அடைப்பானைச் சுத்தமான கையால் மெலிதாக உருட்டி, காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருங்கள். காதுக் கவசமும் நல்லது. ரைஸ் மில் முதலாளிகள் இதை ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். கூலி ஆளுக்கும் காது ஒரு ஜோடிதான்.

நான்கு, அடைப்பான் போட்டவர்கள் கைச்சைகையில் பேசிப் பழகுங்கள். சாலையில் வண்டி வருவதைக் கண்ணால் பாருங்கள்.

'ரேடியோவை ஏன் இப்படி அலற விடுறீங்க' என்று வீட்டில் கேட்டால் கோபப்படாதீர்கள். காதில் எண்ணெய் விடாமல், அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரையும் அப்படித்தான் அனுப்பி வைத்தேன். கருவி வைத்தால் ஓரளவு கேட்கும். பழைய காது திரும்பாது. அவருடைய மகன் இப்போது அதே டிராக்டரை ஓட்டுகிறார், காதில் அடைப்பானோடு.