மரம் நடட்டும், நம் பங்கைப் பேசட்டும்

(பதுளையில் நடந்த தோட்டத் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலையைப் பிடுங்கிவிட்டு டர்பன்டைன் கன்று வைக்கிறார்கள், சங்கம் என்ன செய்கிறது என்று கேட்கிறீர்கள். மரம் நடுவதையே எதிர்த்துத் தீர்மானம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1990இல் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நாடு முழுவதும் நிறுத்தியது. அதனால் கதவு, ஜன்னல், கூரை, சவப்பெட்டி எதுவும் நின்றுவிடவில்லை. அந்த மரமெல்லாம் இன்று வீட்டுத் தோட்டத்துப் பலாவிலிருந்தும், பால் வற்றிய றப்பரிலிருந்தும், நட்டு வளர்த்த தேக்கு, டர்பன்டைனிலிருந்தும் வருகிறது. நியூசிலாந்தில் ஏறக்குறைய எல்லா மரமும் நட்ட பைன் தோப்புகளிலிருந்தே வெட்டப்படுகிறது. இப்படி நட்ட மரம் இல்லையென்றால் வாள் எங்கே போகும்? அப்புத்தளைத் தங்கமலைக்கும் ஓகியாக் காட்டுக்கும்தான். நம் லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் அப்படிப்பட்ட மலைக்காடுகள் பிடித்துவைத்துத் தருவது. ஆகவே நட்ட மரம் நமக்கு எதிரி இல்லை.

ஆனால் நட்டதெல்லாம் காடாகிவிடாது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் நட்ட பைனைப் பாருங்கள். அடியில் காய்ந்த ஊசி இலை மெத்தைபோல் கிடக்கிறது. ஆடி ஆவணிக் காற்றில் ஒரு பீடித் துண்டு போதும். ஊற்றுக்கண் பக்கத்தில் டர்பன்டைனை நெருக்கி நட்டால் பீலி மெலியும். செங்குத்துச் சரிவில் மொத்தமாக வெட்டினால், பழைய வேர் அழுகி, புது வேர் பிடிப்பதற்குள் மழை வந்துவிடும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தது மரம் வெட்டியதால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணுக்குள் நம் ஆட்கள் புதைந்ததைப் பார்த்தவர்கள் நாம். சரிவில் வாள் சத்தம் கேட்டால் சும்மா இருக்க முடியாது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு மலைத் தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும்: கொழுந்து, புல்வெட்டு, உரம், கவ்வாத்து. மரத்துக்குக் குழி வெட்டி, முதல் இரண்டு மூன்று வருஷம் களை எடுத்தால் முடிந்தது. பிறகு வெட்டுகிற நாளில் வெளிக் கொந்தராத்துக்காரர் ஆட்களோடு வருகிறார், லொறியில் ஏற்றிப் போகிறார். தேயிலை போன மலையில் பேர் போகிறது, பேர் போனால் சேமலாப நிதியும் போகிறது. கவ்வாத்து மிலாறும் போய்விடும், பிறகு அடுப்புக்கு விறகு பொறுக்கினால் திருட்டு என்பார்கள்.

இன்னொன்று. கம்பனிகளின் வருடாந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நிற்கிற மரத்துக்கு விலை போட்டு, அதை உயிரியல் சொத்து என்று எழுதியிருப்பார்கள். வெட்டாமலேயே அந்த மதிப்பு கூடினால் அது லாபக் கணக்கில் ஏறும். சம்பளப் பேச்சுக்கு உட்கார்ந்தால் தேயிலை விலையும் உற்பத்திச் செலவும்தான் மேசைக்கு வருகின்றன. அந்த மரத்தைக் காத்து நிற்பதும் நாம்தான். அடுத்த பேச்சில் மரக் கணக்கும் மேசைக்கு வரவேண்டும்.

நல்ல தேயிலை மலையில் கைவைக்கக் கூடாது. கைவிட்ட மலையில் நடட்டும். ஊற்றையும் ஓடைக்கரையையும் நாட்டு மரத்துக்கு விடவேண்டும். வெட்டுவேலை தோட்டப் பேரில் நடக்கவேண்டும். கிளையும் நுனியும் லயத்து அடுப்புக்கு. இவற்றைத்தான் நாம் எழுத்தில் கேட்கப்போகிறோம்.

அதற்கு விவரம் வேண்டும். எந்த மலை, எந்த வருஷம் பிடுங்கினார்கள், அதற்கு முன் அதில் எத்தனை பேர் கொழுந்து எடுத்தார்கள், கீழே எத்தனை லயம் இருக்கிறது என்று ஒவ்வொரு தலைவரும் அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதக் கஷ்டமென்றால் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், அழகாக எழுதித் தரும்.