திரையில் ஒரு குளம்

(குறுவள மையப் பயிற்சி ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரைப்படத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா, கூடாதா என்ற விவாதம் நம்மிடையே ஏறத்தாழ முடிந்துவிட்டது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கும் திறன்மிகு வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே எதைக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது, காட்டிய பிறகு என்ன செய்வது என்பவையே இன்று நம் முன் உள்ள கேள்விகள். சமூகநீதி வரலாற்றைக் கற்பிக்கும்போது இந்தக் கேள்விகளுக்கு நாம் கூடுதலாகவே யோசித்து விடை காண வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஒடுக்குமுறையைக் காட்டும் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பிள்ளைகளிடமிருந்து வரும் முதல் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாவம் டீச்சர்." கண் கலங்கியிருக்கும். நமக்கும் மனம் நிறைந்துவிடும். பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றும்.

ஆனால் அந்தப் "பாவம்" என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். இரக்கப்படுகிறவர் ஒரு படி மேலே நிற்கிறார். இரக்கத்துக்கு ஆளாகிறவர் கீழே நிற்கிறார். நம் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றால், திரையில் அவமானப்படுத்தப்பட்டவர்களின் பேரன், பேத்திகள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் "பாவம்" என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. படம் காட்டி நாம் செய்தது அதுவாக மட்டும் இருந்தால், அந்தப் படத்தைக் காட்டாமலேயே இருந்திருக்கலாம்.

சமூகநீதியின் வரலாறு, உரிமை கேட்டவர்களின் வரலாறு. கூட்டம் கூட்டினார்கள், மனு எழுதினார்கள், சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள், நீதிமன்றப் படி ஏறினார்கள், நடந்தார்கள். பிள்ளைகள் படம் பார்த்து முடிக்கும்போது "இவர்கள் என்ன செய்தார்கள், எப்படி வென்றார்கள்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வகுப்பைக் கொண்டுபோவதுதான் நம் வேலை. நான் நடத்திவரும் ஒரு பாடவேளையை உங்கள் முன் வைக்கிறேன்.

ஜாபர் படேல் இயக்கிய 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மம்முட்டி அம்பேத்கராக நடித்து, தேசிய விருது பெற்ற படம். தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு 2010 இல் திரைக்கு வந்தது. முழுப் படமும் மூன்று மணி நேரம். நமக்கு அது வேண்டியதில்லை. மகாத் குளத்துக் காட்சி மட்டும் போதும். ஏழெட்டு நிமிடம்தான்.

காட்சிக்கு முன் ஐந்து நிமிடத்தில் இடத்தையும் காலத்தையும் சொல்லிவிடுவேன். மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் மகாத் என்ற சிற்றூர். அங்கே சவதார் என்னும் பொதுக்குளம். ஊரார் எல்லாரும் நீர் எடுக்கலாம், கால்நடைகள் இறங்கிக் குடிக்கலாம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் தொடக்கூடாது. நாள் 1927 மார்ச் 20. இவ்வளவு சொல்லிவிட்டுக் காட்சியைப் போடுவேன். ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்வலமாக வருகிறார்கள். அம்பேத்கர் குளத்தில் இறங்கி நீரை அள்ளிப் பருகுகிறார். மற்றவர்களும் பருகுகிறார்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன்.

விளக்கைப் போட்ட பிறகு ஒரு தாளைக் கொடுப்பேன். அதில் இரண்டே வரிகள். ஒன்று, 1923 இல் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதன்படி அரசுப் பணத்தில் அமைந்த குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் எல்லாருக்கும் பொது. இரண்டு, 1924 இல் மகாத் நகராட்சியே சவதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது.

இதைப் படித்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ஓர் ஆண்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சட்டந்தான் ஏற்கெனவே இருக்கே டீச்சர், அப்புறம் எதுக்கு ஊர்வலம் போகணும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அந்தத் தாள். மூன்றாண்டுகள் தாளில் மட்டுமே இருந்த உரிமையை, அன்று மக்கள் நடந்துபோய்க் கையில் எடுத்தார்கள். இந்த உண்மையைப் பாடநூல் மட்டுமோ படம் மட்டுமோ முழுதாகத் தந்துவிடாது. படம் நடையைக் காட்டுகிறது. தாள் சட்டத்தைக் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவர் ஆசிரியர்.

அடுத்து, படம் நின்ற இடத்திலிருந்து மேலே போகிறோம். அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். குளம் 'தீட்டுப்பட்டுவிட்டது' என்று சடங்கு செய்து 'தூய்மை'ப்படுத்தினார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு தொடங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது 1937 இல். ஒரு கை நீருக்குப் பத்தாண்டுகள். கரும்பலகையில் ஒரு கோடு போட்டு 1923, 1924, 1927, 1937 என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்வேன்.

அந்தக் கோட்டில் 1924 என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்' பாடம் நடத்துகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும். அதே 1924 இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் சென்று சிறைப்பட்டார், நாகம்மையாரும் களத்தில் நின்றார். அதே 1924 இல்தான் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். மூன்று வெவ்வேறு ஊர்கள், ஒரே ஆண்டு, ஒரே கோரிக்கை: தெருவும் தண்ணீரும். தனித்தனிப் பெயர்களாக மனப்பாடம் செய்தவை ஒரே இயக்கமாகப் பிள்ளைகளுக்குத் தெரியத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கோட்டின் கடைசிப் புள்ளி 1950. அரசியலமைப்பின் 15 ஆவது உறுப்பைக் கையில் கொடுத்து இரண்டாம் பிரிவைப் படிக்கச் சொல்வேன். கடைகள், உணவகங்கள் என்று தொடங்கி, கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று அந்தப் பட்டியல் வரும். "இதில் நாம் இன்று பார்த்த ஒன்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்பேன். "குளம்!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் எழும். திரையில் பார்த்த குளம் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இருக்கிறது. அந்த நீரைப் பருகியவரே அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவர். இதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் "பாவம்" என்று சொல்வதில்லை.

இனி, காட்சியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சில சொற்கள்.

முதலாவது, மனிதர்கள் துன்பப்படுவதை மட்டும் காட்டும் காட்சியை விட, அவர்கள் ஏதாவது செய்யும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பேசுகிறார்கள், மறுக்கிறார்கள், நடக்கிறார்கள், எழுதுகிறார்கள் என்று இருக்கட்டும். அடியும் இரத்தமும் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டாம். தணிக்கைச் சான்றிதழையும் கட்டாயம் பாருங்கள். அவமானப்படுத்தும் காட்சியை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். யாரையும் எழுப்பி, "உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்பும் பிள்ளை தானாகச் சொல்லும்.

இரண்டாவது, படம் ஆவணம் ஆகாது. 'ஜெய் பீம்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1993 இல் நடந்த ஒரு காவல் மரணத்தையும், அதற்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. படத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் இருளர் சமூகம். உண்மை வழக்கில் குறவர் சமூகம். இயக்குநர் கதைக்காகச் சிலவற்றை மாற்றுவார். அது அவர் உரிமை. எது நடந்தது, எது சேர்க்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வது நம் கடமை. அந்தப் படத்தின் வதைக் காட்சிகள் வகுப்புக்கு உரியவை அல்ல. ஆனால் நீதிப்பேராணைகள் பாடம் நடத்தும் ஆசிரியர் அதைப் பார்த்திருந்தால், ஆட்கொணர்வு என்ற சொல்லுக்கு வகுப்பில் உயிர் வந்துவிடும்.

மூன்றாவது, படம் வெளிவந்த ஆண்டும் ஒரு வரலாற்றுச் செய்திதான். மேல்நிலை வகுப்புகளில் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பேசலாம். 1939 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி'யில், புயலில் தவித்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரி ஊரால் ஒதுக்கி வைக்கப்படுகிறார். அந்தப் படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. 2018 இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. அதில் ஒதுக்கப்பட்ட சமூகத்து மாணவனே நடுவில் நிற்கிறான், தன் குரலில் பேசுகிறான். "முதல் படத்தில் யார் பேசுகிறார்கள்? இரண்டாவது படத்தில் யார் பேசுகிறார்கள்? இடைப்பட்ட எழுபத்தொன்பது ஆண்டுகளில் என்ன மாறியது, என்ன மாறவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாம் எதிர்பாராத பதில்களைத் தருவார்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்கள், "இவை எல்லாம் பெரிய வகுப்புகளுக்குத்தானே?" என்று நினைக்க வேண்டாம். 1921 இல் வந்த சாப்ளினின் 'தி கிட்' பேசாத படம். மொழித் தடை இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி போதும்: "அந்தப் பையன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" அதிலிருந்து 2009 இன் கல்வி உரிமைச் சட்டம் வரை மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற மொழியிலேயே கொண்டுபோக முடியும்.

வகுப்புக்கு வெளியே நான் கொடுக்கும் வேலை ஒன்று. "வீட்டில் தாத்தா, பாட்டியிடம், 'உங்க சின்ன வயசுல தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?' என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்பேன். சாதி என்ற சொல்லே அந்தக் கேள்வியில் இல்லை. ஆனால் வரும் பதில்களில் முழு வரலாறும் இருக்கும். ஒரு மாணவியின் பாட்டி, ஊர்க் கிணற்றில் தாங்கள் வாளி இறக்கக் கூடாது என்றும், யாராவது இறைத்து ஊற்றும் வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே அந்தப் பெண் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: "எங்க தெருவுக்குக் குழாய் வேணும்னு எங்க தாத்தாதான் மனு எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தாராம்." வகுப்பில் அதைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். "நானே படிக்கிறேன் டீச்சர்" என்றாள். நிமிர்ந்து நின்று படித்தாள்.

வழக்கமாக இரண்டு ஐயங்கள் எழும். "பாடப்பகுதி முடிக்கவே நேரமில்லையே?" என்பது ஒன்று. ஏழு நிமிடக் காட்சியும் ஒரு தாளும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். நான்கு தலைப்புகளை அது ஒன்றாகக் கோத்தும் விடும். "ஊரில் யாராவது பிரச்சினை செய்தால்?" என்பது மற்றொன்று. காட்சியின் பெயர், நேரம், எந்தப் பாடம், எந்தக் கற்றல் விளைவு என்பதைப் பாடக்குறிப்பில் எழுதி, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். எந்தச் சமூகத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் படம் காட்டவில்லை. பாடநூலில் உள்ளதையும் அரசியலமைப்பில் உள்ளதையும்தான் விளக்குகிறோம். இதை யார் வந்து கேட்டாலும் நாம் நிதானமாகச் சொல்லலாம்.

இந்த மாதத்தில் ஒரு காட்சியை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்குரிய தாளை நீங்களே தயாரியுங்கள்: ஒரு தீர்மானம், ஒரு தீர்ப்பு, ஒரு சட்டப் பிரிவு, எதுவாகவும் இருக்கலாம். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு அதை எடுத்து வாருங்கள், நாம் பகிர்ந்துகொள்வோம். பத்துப் பள்ளிகளிலிருந்து பத்துத் தாள்கள் வந்தால், இந்த வட்டாரத்துக்கே ஒரு நல்ல தொகுப்பு கிடைத்துவிடும்.