இணையப் பெயருக்கு விலை மதித்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காணிக்கு விலை மதிக்க எமது ஊரில் எவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குளத்து நீர் பாயும் வயலா, வானம் பார்த்த நிலமா, றோட்டு முகப்பு எவ்வளவு, கிணற்று நீர் நன்னீரா, உறுதி தெளிவா என்று நாலு கேள்வி கேட்டதும் முள்ளியவளைப் பெரியவர் ஒருவர் விலையைச் சொல்லிவிடுவார். ஆனால், கண்ணாற் காணவும் கயிற்றால் அளக்கவும் முடியாத ஒரு பொருளுக்கு விலை மதிக்க வேண்டிய அவசியம் இன்று எமது பிள்ளைகளுக்கு வந்திருக்கின்றது. இளைஞர்கள் 'டொமைன்' என்று கூறும் இணையப் பெயரே அப்பொருள்.

இதைப் பற்றிப் பேச நேர்ந்த காரணத்தை முதலிற் கூறிவிடுகின்றோம். சில மாதங்களுக்கு முன் எமது இளைஞர் ஒருவர் நாற்பது பெயர்கள் எழுதிய கொப்பி ஒன்றுடன் எம்மிடம் வந்தார். அவற்றை இப்போதே பதிந்து வைத்தாற் பின்னர் பெருவிலைக்கு விற்கலாம் என்பது அவர் எண்ணம். முதலாக இருந்தது தாயார் எடுத்த சீட்டுக் காசு. "மாஸ்ரர், இதில எது விலை போகும்?" என்று கேட்டார். அன்றிரவு அவருடன் இருந்து கொப்பியைப் பார்த்தபோது எமக்குத் தோன்றியவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில், இந்தப் பெயர் என்பது யாது? இணையத்தில் ஒரு கணினியை மற்றொரு கணினி எண்ணைக் கொண்டே அறிகின்றது. நீண்ட எண்களை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆகவே, எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வழங்கும் முறையை 1983ஆம் ஆண்டில் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தார். 1985 மார்ச் 15ஆம் திகதி 'சிம்போலிக்ஸ்' என்ற பெயர் 'டொட் கொம்' என்னும் ஈற்றின் கீழ் முதன்முதலாகப் பதியப்பட்டது. எமது நாட்டுக்குரிய 'எல்.கே.' ஈறு 1990இல் வந்தது. 'இலங்கை' என்று தமிழிலேயே எழுதும் ஈறு 2010இற் கிடைத்தது.

இப்பெயர்களை எவரும் அறுதியாக வாங்குவதில்லை என்பதை இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இது குத்தகைக் காணி போன்றது. 'கொம்' பெயரை ஒரே முறையிற் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது. ஆண்டுக் கட்டணம் ஏறக்குறைய பத்து முதற் பதினைந்து அமெரிக்க டொலர். அப்படியாயின் நாற்பது பெயருக்கு ஆண்டொன்றுக்கு 400 முதல் 600 டொலர். ஐந்து ஆண்டு காத்திருந்தால் 2,000 முதல் 3,000 டொலர். விற்காத நெல்லைச் சமைத்து உண்ணலாம். விற்காத பெயரை என் செய்வது? இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் எமது இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

இனி, விலை மதிக்கும் வழியைப் பார்ப்போம். முதற் கேள்வி, இப்பெயரை வாங்க வேண்டியவர் உலகில் எத்தனை பேர் என்பது. வியாபாரம் என்று பொருள்படும் 'பிஸ்னஸ் டொட் கொம்' 1997இல் 150,000 டொலருக்கு விற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1999இல், 75 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. குரல் என்று பொருள்படும் 'வொய்ஸ் டொட் கொம்' 2019இல் 3 கோடி டொலருக்குப் போயிற்று. வாங்கிய கொம்பனி அதே பெயரில் ஒரு புதிய சேவையைத் தொடங்க இருந்தது. அதன் கையிற் பணமும் இருந்தது. தேவையும் பணமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தபடியால் விலை அவ்வளவு உயர்ந்தது.

கரிபியன் கடலிலுள்ள அங்குயில்லா என்ற சிறு தீவையும் நோக்குங்கள். அதற்குக் கிடைத்த நாட்டு ஈறு 'ஏ.ஐ.' என்னும் இரண்டு எழுத்து. செயற்கை அறிவைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளும் அவையே. அத்துறை பெருகியதும் உலகெங்குமுள்ள கொம்பனிகள் அந்த ஈற்றை நாடின. 2023இல் மாத்திரம் அத்தீவின் அரசுக்கு அதனால் 3 கோடி டொலருக்கு மேல் வருமானம் வந்தது. தீவு எழுத்தை மாற்றவில்லை; வெளியே தேவை பிறந்தது, விலையும் பிறந்தது. அதேவேளை, நல்ல பெயர் இருந்தால் வியாபாரம் தானாக நடக்கும் என்றும் எண்ணற்க. வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை விற்ற 'பெற்ஸ் டொட் கொம்' என்னும் கொம்பனிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. எனினும், அது 2000ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

இரண்டாவது, காதுச் சோதனை. தொலைபேசியில் ஒருமுறை சொன்னதும் கேட்டவர் பிழையின்றி எழுத வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயர்களுக்கு இடர்ப்பாடு. எமது ஊர்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் 'வீ' இடுவார்; மற்றவர் 'டபிள்யூ' இடுவார். 'ள்ளி'க்கு ஒருவர் இரண்டு 'எல்' போடுவார். இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துவார். இறுதியில் வரும் ஐகாரத்துக்கு இரண்டு மூன்று வழக்கம். கொப்பியில் இருந்த பெயர்களிற் பாதிக்கு மேல் இச்சோதனையிலேயே விழுந்தன. இடையிற் சிறுகோடும் இலக்கமும் உள்ள பெயர்களும் அவ்வாறே. நீளம் குறைந்ததும், எவரும் அறிந்த சொல்லால் ஆனதும், 'கொம்' போன்ற பழகிய ஈறு உடையதுமான பெயருக்கே பெரும்பாலும் மதிப்பு உண்டு.

"தமிழ் எழுத்திலேயே பதிந்தால் என்ன?" என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. ஆங்கிலமல்லாத எழுத்துகளிற் பெயர் வழங்கும் முறையைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் டான் டின் வீயின் வழிகாட்டலில் 1998இல் இயக்கிக் காட்டினர். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் முறை 2003இல் உலக நியமமாயிற்று. ஆகவே, தமிழ்ப் பெயரும் இயங்கும்; எழுத்துக் குழப்பமும் இல்லை. ஆனால், எம்மவரிற் பலர் தமிழ்த் தளத்துக்கும் ஆங்கில எழுத்துப் பெயரையே இன்றும் இடுகின்றனர். வாங்குவோர் சிலராதலின் மறுவிற்பனை விலையும் சிறிதே. பயன்படுத்த எண்ணுபவர் தாராளமாக எடுக்கலாம். விற்க எண்ணுபவர் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பெயரின் பூர்வீகம். முன்னர் ஒருவர் வைத்திருந்து கைவிட்ட பெயர்கள் பல மீண்டும் பதிவுக்கு வரும். அப்பெயரால் மோசடிக் கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தால் அப்பழி பின்னர் எடுத்தவரையும் தொடரும். 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணைய நூலகம் 1996ஆம் ஆண்டு முதல் பழைய பக்கங்களைச் சேமித்து வருகின்றது. அதிற் தேடினால் பெயரின் முற்கதையை அறியலாம். காணி வாங்குமுன் காணிக் கந்தோரிற் தோம்பு பார்ப்பது போன்றது இது.

நான்காவது, ஒத்த பெயர்கள் உண்மையில் விற்ற விலை. விற்பவர் கேட்கும் விலை வேறு. கைமாறிய விலை வேறு. மாட்டு வியாபாரத்தில் இதனை அறியாதார் யார்? ஒரு பெயரைக் கொடுத்தால் உடனே பெறுமதி கூறும் இயந்திரங்களும் இணையத்தில் உண்டு. அவை எழுத்தையும் பழைய விற்பனைகளையும் கொண்டு கணிப்பவை. வாங்க ஒருவர் காத்திருக்கிறாரா என்பதை அவை அறியா. அத்துடன், பெருவிலைக்கு விற்றவர் கதை பத்திரிகையில் வரும்; விற்காமற் கட்டணம் கட்டிக் களைத்தவர் கதை வராது. உண்மையாக வாங்குபவர் வந்தால், பணத்தை இருவருக்கும் பொதுவான நடுவரிடம் வைத்துப் பெயரை மாற்றும் சேவைகள் உண்டு. அவ்வழியன்றி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

ஐந்தாவது, பெயர் பிறருக்கு உரியதா என்பது. கொப்பியில் ஒரு வங்கியின் பெயர் ஓர் எழுத்துக் கூட்டி எழுதப்பட்டிருந்தது. அதுவே மிகுந்த விலை போகும் என்று இளைஞர் நம்பியிருந்தார். அதற்கு விலை இல்லை, வழக்குத்தான் உண்டு. பிறர் வணிகப் பெயரைத் தீய எண்ணத்துடன் பதிந்தவரிடமிருந்து அதனை மீட்கும் நடுத்தீர்ப்பு முறை 1999 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. பெயர் பறிபோகும், நட்டஈடு கிடையாது. இந்தியாவில் 'சிஃபி' என்ற பெயரை உடைய கொம்பனி, தன் பெயரோடு ஓரெழுத்துக் கூடிய பெயரை வைத்திருந்த மற்றொரு கொம்பனி மீது தொடுத்த வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் முன்னைய கொம்பனிக்குச் சார்பாகத் தீர்த்தது. வணிகக் குறிக்கு உள்ள பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பு.

எஞ்சியவற்றுள் எமது ஊர்ப் பெயரும், காட்டா விநாயகர் ஆலயத்தின் பெயரும், வற்றாப்பளை அம்மன் ஆலயத்தின் பெயரும் இருந்தன. "வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் பொங்கல் நேரம் இதைத்தானே தேடும்?" என்றார் இளைஞர். உண்மை. ஆனால், இதற்கு வாங்குநர் எத்தனை பேர்? ஒருவரே, அவரும் எமது ஊரார். தாயின் வீட்டுப் படலையைக் கழற்றித் தாய்க்கே விற்பதா என்று நாம் கேட்டோம்.

இதில் எமக்கும் அனுபவம் உண்டு. முன்னொருமுறை, நாம் பங்குகொண்ட ஒரு பொதுப்பணிக்காக இணையப் பெயர் பதிந்தபோது, அது ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் வெளிநாடு சென்றுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவித்தல்களை எவரும் படிக்கவில்லை. 'கொம்' பெயர் காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னும் மேலதிகக் கட்டணத்துடன் மீட்க 30 நாள் தவணை உண்டு. அதனையும் நாம் அறியோம். முகமறியாத ஒருவர் அப்பெயரை எடுத்துப் பல நூறு டொலர் கேட்டார். சிலர் கொடுத்துவிடுவோம் என்றனர். அப்போதுதான் சிந்தித்தோம்: எம்மைத் தவிர இதனை வாங்க யார் உளர்? ஒருவருமில்லை. ஆகவே, பொறுத்திருந்தோம். இரண்டு ஆண்டு கட்டணம் கட்டிய பின் அவர் கைவிட்டார். சாதாரணக் கட்டணத்தில் மீண்டும் பெற்றோம். ஒரே வாங்குநர் உள்ள பொருளின் விலையை அந்த வாங்குநரின் பொறுமையே தீர்மானிக்கும்.

எனினும், பொறுமை எல்லா வேளையிலும் உதவாது. அப்பெயரில் அவர் தகாத பக்கமொன்றைத் திறந்திருந்தால் என் செய்திருப்போம்? 2009இன் பின் மீளக் குடியேறியபோது, உறுதி தவறிப்போன காணிக்காக எமது மக்கள் பட்ட அலைச்சலை நாம் மறக்கவில்லை. ஆகவே பெரியோர்களே, ஆலயத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் தனியொருவர் பெயரில் இருத்தலாகாது. சபையின் பெயரிற் பதிக; கடவுச்சொல்லை இருவராவது அறிந்திருக்க; புதுப்பிக்கும் திகதியைக் கூட்டக் குறிப்பில் எழுதுக.

கொப்பியின் கதையையும் முடித்துவிடுகின்றோம். நாற்பதில் முப்பத்தேழு வெட்டுண்டன. ஊர்ப் பெயரைச் சங்கத்தின் பெயரிலும், காட்டா விநாயகர் பெயரை ஆலயத்தின் பெயரிலும் பதிவதென முடிவாயிற்று. வற்றாப்பளைப் பெயர் அங்குள்ளோரின் முடிவுக்கு விடப்பட்டது. வெட்டுண்டவற்றுள் ஒரு சிறு சொல்லை மாத்திரம் இளைஞர் தம் உழைப்பில் ஓராண்டுக்கு எடுத்திருக்கிறார். "விற்காட்டி விட்டிடுவன் மாஸ்ரர்" என்கிறார். பதினைந்து டொலர் வரையிற் கற்கும் பாடமாதலின் நாமும் தடுக்கவில்லை.

சீட்டுக் காசு தாயாரிடமே இருக்கின்றது.