வெடித்த உள்ளங்கைக்கு

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தான் போடுவதே சிலருக்கு வேதனை. உள்ளங்கை தடித்து, செதில் உதிர்ந்து, வெடித்து ரத்தம் கசியும். இது சொரியாசிஸாக இருக்கலாம். அந்த நோய் தொற்றவே தொற்றாது, தயங்காமல் கைகுலுக்குங்கள். ஒரு மாதத்தில் வளரவேண்டிய தோல் சில நாளிலேயே வளர்ந்து குவிகிறது. உராய்வும் கீறலும் அதை மோசமாக்கும். ஆகவே பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை, அதற்குள் பருத்திக் கையுறை. கை கழுவியதும் ஈரம் முழுதும் காயுமுன் வாசலின் தடவுங்கள். மருத்துவர் தந்த களிம்பை, சற்றுக் குறைந்ததுமே நீங்களாக நிறுத்தாதீர்கள். காலையில் விரல் மூட்டு வீங்கி விறைத்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டையும் இந்நோய் தாக்கும். 2014இல் உலகச் சுகாதார நிறுவனமே கடுமையான நோயென ஏற்றதை, வெறும் சொறி என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் காட்டி, தோல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள்.